எட்டு இழை, நான்கு ஜோடி

2003ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நானும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரும் பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். சொன்னென்அல்லே சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், முதல் உலகப் போருக்கு முன் கட்டிய வீடு. கூரை உயரம், சுவர் தடிமன், அறையைச் சூடாக்கப் பீங்கான் ஓடு பதித்த கரியடுப்பு. வாடகை குறைவு என்பதால்தான் என்னைப் போன்ற மாணவர்கள் அப்போது நொய்கெல்னைத் தேடிப் போனார்கள்.

அந்தக் காலத்து பேர்லின் வீடுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. தெருவைப் பார்த்த முன்கட்டும், முற்றத்தை ஒட்டிப் பின்னால் நீளும் பக்கக்கட்டும் ஒரு மூலையில் சேரும். சேரும் இடத்தில் முற்றத்தைப் பார்த்த ஒரே ஒரு சன்னலோடு அரையிருட்டாக ஓர் அறை இருக்கும். அதற்கு 'பேர்லினர் சிம்மர்', அதாவது பேர்லின் அறை என்றே பெயர். முன்னறையில் இருப்பவர் பின்னறைக்குப் போக அதைக் கடந்துதான் போக வேண்டும். அண்ணா முன்னறையில் இருந்தார், நான் பின்னறையில். அவருடைய கணினியிலிருந்து என்னுடைய கணினிவரை, சுவரோரமாகவே அளந்தால் 25 மீட்டர்.

அண்ணாவிடம் ஒரு ஸ்கேனர் இருந்தது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அவருடைய அம்மா கையில் எடுத்துவந்த பொருள்களில் மூன்று புகைப்பட ஆல்பங்களும் இருந்தன. அவை பல கை மாறி பேர்லினுக்கு வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து, கனடாவிலும் பிரான்சிலும் இருந்த உடன்பிறப்புகளுக்கு சிடியில் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். வீட்டில் இருந்த ஒரே சிடி ரைட்டர் என் கணினியில் இருந்தது. அதனால் இரண்டு கணினிகளையும் ஒரு கேபிளால் நேரடியாக இணைக்க முடிவு செய்தோம். ஒரு கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று நான் முதன்முதலாக யோசிக்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

முதலில் ஒரு சிறு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. கணினியின் நெட்வொர்க் கார்டுக்கு வாயும் உண்டு, காதும் உண்டு. எட்டு ஊசி கொண்ட அதன் ஜாக்கில் 1, 2 என்ற ஊசிகள் பேசும், 3, 6 என்ற ஊசிகள் கேட்கும். நொடிக்கு 10 மெகாபிட், 100 மெகாபிட் வேகங்களில் மற்ற நான்குக்கும் வேலையே இல்லை. கடையில் விற்கும் சாதாரண கேபிளில் ஒரு முனையின் 1 மறுமுனையின் 1க்கும், 2 மறுமுனையின் 2க்கும் என்று நேராகப் போகும். அப்படிப்பட்ட கேபிளால் இரண்டு கணினிகளை இணைத்தால் ஒருவர் வாய் மற்றவர் வாயோடும், ஒருவர் காது மற்றவர் காதோடும் இணைந்துவிடும். இருவரும் பேசுவார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது.

அலுவலகங்களில் நேர் கேபிள் வேலை செய்வதற்குக் காரணம், நடுவில் இருக்கும் ஹப் அல்லது சுவிட்ச். அதன் ஜாக்குகளை வேண்டுமென்றே மாற்றி வடிவமைத்திருக்கிறார்கள். அங்கே 1, 2 கேட்கும், 3, 6 பேசும். நடுவில் பெட்டி இல்லாமல் கணினியையும் கணினியையும் சேர்க்க வேண்டுமானால் அந்த மாற்றத்தைக் கேபிளே செய்ய வேண்டும். 1 மறுமுனையின் 3க்கும், 2 மறுமுனையின் 6க்கும் போக வேண்டும், அங்கிருந்தும் அப்படியே திரும்ப வேண்டும். இதற்குக் குறுக்குக் கேபிள், கிராஸ் கேபிள் என்று பெயர்.

கேபிள் சுருளும் கனெக்டர்களும் வாங்கி, ஒரு நண்பரிடம் கிரிம்பிங் டூலும் டெஸ்டரும் இரவல் பெற்று உட்கார்ந்தோம். வெளியுறையைச் சீவியதும் எட்டு இழைகள் வந்தன. ஆரஞ்சும் ஆரஞ்சுவெள்ளையும், பச்சையும் பச்சைவெள்ளையும், நீலமும் நீலவெள்ளையும், பழுப்பும் பழுப்புவெள்ளையும் ஒன்றோடொன்று முறுக்கியபடி இருந்தன. முறுக்கைப் பிரித்து, இழைகளை நீவி நேராக்கி, என் அறை முனையில் நிறம் நிறமாக அழகாக அடுக்கினேன். ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, பச்சை, நீலவெள்ளை, நீலம், பழுப்புவெள்ளை, பழுப்பு. அண்ணாவின் முனையில் அதே வரிசையை வைத்து, 1ஐ 3க்கும் 2ஐ 6க்கும் மாற்றினேன். டெஸ்டரில் பூட்டிப் பார்த்தோம். இந்த முனையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கு எரிய, அந்த முனையில் மூன்று, ஆறு, ஒன்று என்று குறுக்குக் கேபிளுக்கு எப்படி எரிய வேண்டுமோ அப்படியே எரிந்தது. கணினிகளில் செருகினோம். இரண்டு ஜாக்குகளிலும் பச்சை விளக்கு வந்தது.

ஆனால் படங்கள் வரவில்லை. வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு படம் வரும், பிறகு அரை நிமிடம் அசைவே இருக்காது, பிறகு அடுத்த படத்தில் கால்வாசி வரும். விந்தை என்னவென்றால், என் அறையிலிருந்து அவர் அறைக்கு அனுப்பிய பாட்டுகள் ஓரளவு நன்றாகவே போயின.

"உம்மட பாட்டு ஓடி வருது, என்ர படம் மட்டும் நொண்டுது. எட்டு லைட்டும் ஒழுங்காத்தானே எரிஞ்சது தம்பி?" என்றார்.

"எரிஞ்சதுண்ணா. எங்க தப்புன்னு தெரியல."

எங்கே தப்பு என்பதைச் சொல்ல நான் 1881க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில் பேர்லினில் தொலைபேசி நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மறுஆண்டு ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் தொலைபேசி நிலையங்கள் திறந்தன. தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு கம்பிதான் போனது. மின்னோட்டம் கம்பி வழியாகப் போய் நிலத்தின் வழியாகத் திரும்பும். தந்திக்கு அது போதுமானதாக இருந்தது. மனிதக் குரலுக்குப் போதவில்லை. பக்கத்துக் கம்பியில் போகும் தந்தியின் கட்கட் ஒலியும் அடுத்த வீட்டுக்காரரின் பேச்சும் தொலைபேசியில் கேட்டன. நம் ஊரில் லேண்ட்லைன் வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. யாரோ ஒருவர் இன்னொருவரிடம் நெல் விலையோ நிச்சயதார்த்தமோ பேசுவது நம் காதில் விழும். 'கிராஸ் டாக்' என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி டயல் செய்வோம்.

ஏன் அப்படி விழுகிறது? மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டதே விடை. ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறும். மாறும் காந்தப்புலத்துக்குள் இன்னொரு கம்பிச் சுற்று இருந்தால் அதிலும் மின்னழுத்தம் எழும். இரண்டும் தொட வேண்டியதில்லை. இங்கே மனத்தில் வைக்க வேண்டிய சொல் 'மாறும்'. மாறாத மின்னோட்டம் பக்கத்துக் கம்பியில் எதையும் எழுப்பாது. எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு பலமாக எழுப்பும்.

அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881இல் இதற்கு ஒரு மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தை நம்பாமல் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு வைத்து, அவற்றை ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும். மருந்து அவ்வளவுதான். இன்றுவரை இத்தகைய செம்பு நெட்வொர்க் கேபிள்கள் அந்த மருந்தில்தான் வாழ்கின்றன.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே எடையைப் போட்டால் முள் அசையாது. வித்தியாசம் இருந்தால்தான் அசையும். நெட்வொர்க் கார்டின் காதும் அப்படிப்பட்டதுதான். ஒரு இழையின் மின்னழுத்தத்தை அது தனியாகப் பார்ப்பதில்லை, இரண்டு இழைகளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. அனுப்புபவர் ஒரு இழையில் ஏற்றினால் மற்றதில் அதே அளவு இறக்குவார், அந்த வித்தியாசம்தான் செய்தி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு இழைகளிலும் ஒரே அளவில் விழுந்தால் முள் அசையாது. இரைச்சல் அங்கேயே அழிந்துவிடும்.

ஆனால் ஒரே அளவில் விழ வேண்டுமே. இரண்டு இழைகளையும் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டால், இரைச்சலுக்கு அருகில் இருப்பது அதிகமாகவும் தள்ளி இருப்பது குறைவாகவும் வாங்கும். முறுக்கினால் ஒரு அரைச்சுற்றில் இது அருகில் இருக்கும், அடுத்த அரைச்சுற்றில் அது அருகில் வரும். கேபிளின் நீளம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் பங்கு சமம். முறுக்கு கேபிளுக்கு வலிமை சேர்ப்பதற்காக என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன், கயிறு திரிப்பதைப் போல. உண்மையில் அது நியாயமாகப் பங்கு பிரிப்பதற்காக இருக்கிறது.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. கேபிளின் உறையை ஒரு முழம் நீளத்துக்குச் சீவி, நான்கு ஜோடிகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நெருக்கமாக முறுக்கியிருக்கும், ஒன்று தளர்வாக. நான்கும் நான்கு விதம். அது தொழிற்சாலையின் கவனக்குறைவு அல்ல. இரண்டு ஜோடிகள் ஒரே அளவில் முறுக்கப்பட்டால் இதன் அதே இழை அதன் அதே இழைக்கு அருகிலேயே கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும், சமப் பங்கு கெட்டுவிடும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் தனி நடை.

இப்போது என் கேபிளுக்குத் திரும்புகிறேன். என் அறை முனையில் கேட்கும் ஊசிகள் 3, 6. நான் அழகுக்கு அடுக்கிய வரிசையில் 3இல் பச்சைவெள்ளை, 6இல் நீலம். பச்சைவெள்ளைக்குத் துணை பச்சை, அது 4இல் சும்மா உட்கார்ந்திருந்தது. நீலத்துக்குத் துணை நீலவெள்ளை, அது 5இல் சும்மா இருந்தது. வேறு வேறு இரண்டு ஜோடிகளிலிருந்து ஒவ்வொரு இழையைப் பிடுங்கி, முறுக்கே இல்லாத ஒரு போலி ஜோடியை நான் உண்டாக்கியிருந்தேன். பக்கத்திலேயே ஆரஞ்சு ஜோடியில் என் கணினி முழு பலத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 25 மீட்டர் நடந்து களைத்து வரும் அண்ணாவின் சிக்னல் மெலிந்த குரலாக வர, என் கணினியின் சொந்தக் குரலே அதன் காதில் விழுந்து அதை மூழ்கடித்தது. 100 மெகாபிட் வேகத்தில் இந்தக் கார்டுகள் அனுப்ப ஒன்றும் இல்லாதபோதும் வாயை மூடுவதில்லை, 'நான் இருக்கிறேன்' என்று வெற்றுச் சிக்னலைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே இரைச்சலுக்கு ஓய்வே கிடையாது. அண்ணாவின் முனையிலோ கேட்கும் வேலை ஆரஞ்சு ஜோடிக்குக் கிடைத்திருந்தது. அது உண்மையான ஜோடி. பாட்டு ஓடியதும் படம் நொண்டியதும் அதனால்தான்.

டெஸ்டர் ஏன் இதைச் சொல்லவில்லை? அது ஒவ்வொரு இழையிலும் பேட்டரியின் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தி, மறுமுனைக்கு வந்ததா என்று மட்டும் பார்க்கும் எளிய கருவி. மாறாத மின்னோட்டம் பக்கத்தில் எதையும் எழுப்பாது என்று ஃபாரடே சொன்னது இங்கே வந்து நிற்கிறது. எட்டு இழைகளும் சரியான இடத்துக்குப் போயின என்று அது சொன்னது உண்மை. யாரோடு யார் போனார்கள் என்று அதைக் கேட்க வழியில்லை. நெட்வொர்க் வேலை செய்பவர்கள் இந்தப் பிழையை 'ஜோடி பிரிந்த கேபிள்' என்பார்கள். இழைகளை எண்ணுபவருக்குத் தெரியாது, ஜோடிகளை எண்ணுபவருக்குத்தான் தெரியும்.

வேகத்தை 10 மெகாபிட்டுக்குக் குறைத்துப் பார்த்தோம். அதே கேபிளில் படங்கள் தடையில்லாமல் வந்தன. மெதுவாக மாறும் சிக்னல் பக்கத்தில் மெலிதாகத்தான் எழுப்பும் என்பதால், போலி ஜோடிகூட அதற்குத் தாங்கியது. 100 மெகாபிட்டில் நொடிக்கு 12.5 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்புக்கு 8 நானோநொடி. செம்புக் கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகிறது, நானோநொடிக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு துடிப்பின் நீளம் 1.6 மீட்டர். அண்ணாவின் அறைக்கும் என் அறைக்கும் நடுவில், பேர்லினர் சிம்மரின் தரையோரமாக, எந்த நேரம் பார்த்தாலும் பதினைந்து துடிப்புகள் வரிசையில் நடந்துகொண்டிருந்தன. நான் அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

பக்கத்துக் கம்பி ஒட்டுக்கேட்பதைப் பற்றிப் பேசும்போது நொய்கெல்னில் இருந்துகொண்டு ருடோவைச் சொல்லாமல் விட முடியாது. ஹெர்மன்பிளாட்ஸில் ஏழாம் எண் சுரங்க ரயிலில் ஏறித் தெற்கே போனால், இன்று நம்மவர்களின் மயூரபதி முருகன் கோயில் இருக்கும் பிளாஷ்கோஅல்லேயைத் தாண்டிப் போய், கடைசி நிலையம் ருடோ. நகரம் பிரிந்து கிடந்த காலத்தில் அது அமெரிக்கப் பகுதியின் விளிம்பு. அப்பால் ஆல்ட்கிலீனிக்கே, சோவியத் பகுதி. அங்கே ஒரு சாலையோரம், நிலத்துக்கு 70 சென்டிமீட்டர்கூட ஆழமில்லாத இடத்தில், சோவியத் ராணுவம் பயன்படுத்திய மூன்று தொலைபேசிக் கேபிள்கள் புதைந்திருந்தன.

அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் ருடோவில் ஒரு கிடங்கைக் கட்டி, அதன் அடித்தளத்திலிருந்து 1954 முதல் ஏறத்தாழ 450 மீட்டர் நீளத்துக்கு எல்லைக்கு அடியில் சுரங்கம் தோண்டின. 1955 மே மாதம் கேபிளில் கைவைத்து ஒட்டுக்கேட்கத் தொடங்கினார்கள். பொறியாளர்களுக்கு அங்கே இருந்த பெரிய கவலை, பேசுபவர்களுக்குக் குரல் மங்கிவிடக் கூடாது என்பதுதான். ஒரு ஜோடியிலிருந்து சிக்னலை வெளியே எடுத்தால் மறுமுனைக்குப் போவது குறையும். அதனால் மிகச் சிறு பங்கை மட்டும் எடுத்து, அதைப் பெருக்கிக் காந்த நாடாவில் பதிந்தார்கள். 1956 ஏப்ரலில் கனமழைக்குப் பின் பழுது பார்க்கிறோம் என்று சோவியத் தரப்பு தோண்டியபோது சுரங்கம் வெளிப்பட்டது. அதற்குள் ஐம்பதாயிரம் நாடாச் சுருள்கள் நிரம்பியிருந்தன. நான்கு லட்சத்து 43 ஆயிரம் உரையாடல்கள் எழுத்தில் ஏறின. தோண்டத் தொடங்கும் முன்பே பிரிட்டிஷ் உளவுத்துறையில் இருந்த ஜார்ஜ் பிளேக் இதை மாஸ்கோவுக்குச் சொல்லிவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவரைக் காப்பாற்றுவதற்காக மாஸ்கோ அத்தனை மாதங்கள் அமைதி காத்தது.

அந்தச் சுரங்கத்தின் ஒரு துண்டு நகரத்தின் மறுகோடியில், டாலெமில் உள்ள நேசநாட்டுப் படைகளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அண்ணாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். இரும்புத் தகடுகள் வளைந்து கூரையாக நிற்கும் அந்தத் துண்டுக்குள் நிற்கும்போது எனக்குப் பட்டது இதுதான். அங்கே கேட்பதற்காக 450 மீட்டர் குடைந்து, ஒவ்வொரு ஜோடியையும் தேடிப் பிடித்தார்கள். என் கேபிளிலோ, கேட்கவே கூடாத இழை எந்த முயற்சியும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இடத்திலும் உள்ள இயற்பியல் சிறிதளவே வேறு. ருடோவில் கம்பியைக் கம்பியோடு தொடுத்தார்கள், என் அறையில் காந்தப்புலம் அந்த வேலையைச் செய்தது.

சரி, 1-2, 3-4, 5-6, 7-8 என்று வைத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் ஏமாந்திருக்க மாட்டோமே, 3ஐயும் 6ஐயும் ஏன் ஜோடியாக்கினார்கள்? தொலைபேசி விட்டுப்போன தடம் அது. இந்தக் கனெக்டர் தொலைபேசிக்காகப் பிறந்தது. தொலைபேசியில் நடு இரண்டு ஊசிகள், எட்டில் எண்ணினால் 4, 5, முதல் இணைப்புக்கு. இரண்டாம் இணைப்பு வேண்டுமென்றால் அதை வெளியிலிருந்து அணைத்தபடி 3, 6. கூட்டுக்குள் கூடு போல. 1990இல் முறுக்கிய ஜோடிகளில் ஈதர்நெட்டை ஓட விடும் தரம் வந்தபோது அலுவலகச் சுவர்களுக்குள் தொலைபேசிக் கம்பிகள் ஏற்கெனவே இருந்தன. அதே வரிசையோடு ஒத்துப்போனால்தான் பிழைக்க முடியும். தொலைபேசி இருக்கும் 4, 5ஐத் தொடாமல் விட்டுவிட்டு, 1-2ஐயும் 3-6ஐயும் எடுத்துக்கொண்டார்கள். நீல ஜோடி நடுவில் உட்கார, பச்சையோ ஆரஞ்சோ அதன் இருபுறமும் கால் விரித்து நிற்பது அதனால்தான். பழைய வீட்டுக்குள் புதிய குடும்பம் குடியேறும்போது அடுப்பு இருக்கும் இடத்தில்தானே சமைக்க வேண்டும்.

ஆக, சரியான முறை இது. கனெக்டரின் கிளிப் கீழே இருக்க, தங்கப் பூச்சுத் தகடுகள் மேலே தெரிய, கேபிள் நுழையும் வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடது கோடி 1. ஒரு முனையில் இடமிருந்து வலமாகப் பச்சைவெள்ளை, பச்சை, ஆரஞ்சுவெள்ளை, நீலம், நீலவெள்ளை, ஆரஞ்சு, பழுப்புவெள்ளை, பழுப்பு. மறுமுனையில் பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறும். ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு. நீலம் நீலவெள்ளைக்கு முன்னால் வருவதை மட்டும் கவனிக்க வேண்டும், கை தானாக வெள்ளையை முதலில் வைக்கப் பார்க்கும். இரு முனையிலும் ஒரே வரிசை என்றால் அது நேர் கேபிள். முனைக்கு ஒரு வரிசை என்றால் குறுக்குக் கேபிள். எதில் பார்த்தாலும் 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, முறுக்கு கலையவில்லை.

முறுக்கைப் பிரிப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது கணக்கு, ஏறத்தாழ சுண்டுவிரலின் அகலம். நீளமாகப் பிரித்து நிதானமாக அடுக்கி, பிறகு எட்டையும் அந்த அளவுக்கு ஒரே வெட்டில் சமமாக நறுக்கிவிட வேண்டும். இழைகளின் பிளாஸ்டிக் தோலைச் சீவத் தேவையில்லை. கிரிம்பிங் டூலை அழுத்தும்போது கனெக்டரின் எட்டுத் தகடுகளும் இறங்கித் தோலைக் குத்திக்கொண்டு செம்பைத் தொடும். ஒற்றைச் செம்புக் கம்பி கொண்ட கேபிளுக்கும், மெல்லிய பல புரிகள் கொண்ட வளையும் கேபிளுக்கும் அந்தத் தகட்டின் பல் வேறுபடும், வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். கேபிளின் வெளியுறையும் கனெக்டருக்குள் நுழைந்து அழுந்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது காலில் தட்டும்போது இழுவிசை முழுவதும் இழைகள்மேல் விழும். பேர்லினர் சிம்மர் வழியாகக் கேபிள் போட்டவனுக்கு இது பட்டுத் தெரிந்த பாடம்.

இரண்டு அறைகளில் இரண்டு வெவ்வேறு மின்சார இணைப்பு, அவற்றை ஒரு செம்பால் சேர்க்கலாமா என்று அண்ணா கேட்டார். நல்ல கேள்வி. நெட்வொர்க் ஜாக்குக்குப் பின்னால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சின்னஞ்சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. கேபிளின் செம்பு கணினியின் உள் மின்சுற்றைத் தொடுவதே இல்லை, சிக்னல் காந்தப்புலமாகத்தான் உள்ளே தாவுகிறது. 1,500 வோல்ட் சோதனைக்குத் தாங்கும் தடுப்பு அது. கேபிளுக்குள் எந்த விளைவு நமக்கு எதிரியோ, அதே ஃபாரடே விளைவு இங்கே காவல்.

புதிய கனெக்டர்கள் பூட்டிச் செருகினோம். கேபிள் மட்டும் இருந்தால் போதாது, இருவருக்கும் முகவரி வேண்டும். வழக்கமாக ரவுட்டர் கொடுக்கும். ரவுட்டர் இல்லாதபோது கணினி சற்று நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ளும். எடுக்கும் முன் கேபிளில் ஒரு குரல் கொடுக்கும், இந்த முகவரியில் யாராவது இருக்கிறீர்களா என்று. பதில் இல்லையென்றால் அது தனது. வின்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு. நாங்கள் அதற்குக் காத்திருக்காமல் என் கணினிக்கு 192.168.0.1 என்றும் அவருடையதற்கு 192.168.0.2 என்றும் கையால் எழுதிவிட்டோம், இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. பிங் கொடுத்தேன். ஒரு மில்லிநொடிக்குள் பதில் வந்தது.

இன்றைக்கு இரண்டு மடிக்கணினிகளை எந்தக் கேபிளால் இணைத்தாலும் பேசிக்கொள்ளும். ஹெச்பி நிறுவனப் பொறியாளர்கள் டேனியல் டவ், புரூஸ் மெல்வின் இருவரும் உருவாக்கிய முறையில் கார்டே தன் வாயையும் காதையும் இடம் மாற்றிப் பார்த்துக்கொள்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. இரண்டு கார்டுகளும் ஒரே நேரத்தில் மாற்றினால் மறுபடியும் வாயும் வாயும் சேரும். குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர் வழிவிட ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி நிற்பதைப் போல. அதனால் ஒவ்வொரு கார்டும் ஏறத்தாழ 62 மில்லிநொடிக்கு ஒருமுறை மனத்துக்குள் நாணயம் சுண்டுகிறது. தலை விழுந்தால் மாற்று, பூ விழுந்தால் இரு. இருவரும் தனித்தனியே சுண்டுவதால் விரைவிலேயே ஒருவர் மாறி மற்றவர் நிற்கும் கணம் வந்துவிடும், அங்கேயே இணைப்பு பிடித்துக்கொள்ளும். 1999இல் வந்த ஜிகாபிட் தரத்தோடு இது பரவியது. ஜிகாபிட்டில் நான்கு ஜோடிகளுக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு ஜோடியும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யும், தான் பேசியது என்ன என்று கார்டுக்குத் தெரியும் என்பதால் வந்த கலவையிலிருந்து தன் குரலைக் கழித்துக்கொள்ளும். ஆனால் குறுக்கு மறுக்காக வந்த கேபிளைத் திருத்திக்கொள்ளும் அந்தக் கார்டாலும், பிரிந்த ஜோடியைத் தன் கையால் முறுக்கிச் சேர்க்க முடியாது.

அந்த நொண்டும் கேபிளில் வந்து சேர்ந்த சில படங்களைப் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அண்ணாவுக்கு அச்சம், ஏதாவது முகம் சிதைந்து வந்திருக்குமோ என்று. ஒன்றும் சிதையவில்லை. கேபிளில் எதுவும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும், ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று போகிறது. பெறும் கார்டு தானும் கணக்கிட்டுப் பார்த்து, எண் பொருந்தாவிட்டால் அந்தப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். வரவில்லை என்று தெரிந்ததும் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார், ஒவ்வொரு தோல்விக்கும் இன்னும் சற்று அதிகம் காத்திருந்து. அந்த அரை நிமிட மௌனங்கள் அவைதான். கேபிள் தவறாக இருந்தபோதும் படத்தை மட்டும் அது தவறாகத் தரவில்லை.

திருத்திய கேபிளில் ஒரு சிடிக்கு வேண்டிய 650 மெகாபைட் ஒன்றரை நிமிடத்தில் வந்துவிட்டது. அண்ணா முன்னறையிலிருந்து ஓடிவந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையில் கிணற்றடியில் வரிசையாக நின்ற ஐந்து பிள்ளைகள். இரண்டாவதாக நின்ற அரைக்காற்சட்டைப் பையனைத் தொட்டு, "இது நான்" என்றார். சிடி எழுதி முடித்து வெளியே வந்ததும், கறுப்புப் பேனாவால் அதன்மேல் 'சாவகச்சேரி வீடு, 1971' என்று எழுதினார். சிவப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, கேபிளின் என் முனையில் சுற்றி, அதன்மேல் 'குறுக்கு' என்றும் எழுதினார், நாளைக்கு யாராவது நேர் கேபிள் என்று எண்ணி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.